இடது, வலது, இடது

செத்துப்போன புருஷனைத் தினமும் காலை ஒன்பதே கால் மணிக்குப் பார்க்கப் போகும் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒடீல் கார்னோவுக்கு வாய்த்திருந்தது. மாண்ட்ரியால் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற அந்த அருங்காட்சியகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். அவள் ஊழியர் வாசல் வழியாக உள்ளே நுழைந்து, பூட்ஸில் ஒட்டின பனி உருகுவதற்குள் மூன்றாம் மாடி ஏறி, அந்த இருட்டு அறையின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். கேமராக்களின் கண்ணுக்கு எட்டாத மூலை அது. அவளுக்கும், அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீவுக்கும் மட்டும்தான் அந்த இடம் தெரியும்.

புருஷன் என்று சொல்லிவிட்டேன். மோதிரமும் கிடையாது, பாதிரியாரும் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை.

அறையில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் பொறுத்து ஃப்ளோரன் வருவான். முகம் இருக்காது, சட்டை இருக்காது. கறுப்புச் சுவரில் இருபத்தைந்து வெளிச்சப் புள்ளிகள்: தலைக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, குதிகால். இடது பக்கத்திலிருந்து நுழைவான். நுழைந்ததும் பூட்ஸிலிருக்கிற பனியை உதறுவான். இடது, வலது, மறுபடி இடது. தரைக்கடியில் இருக்கும் ஒலிபெருக்கிகள் அந்த மூன்று தட்டையும் முரசாக்கி வயிற்றுக்குள் அனுப்பும். பிறகு நடப்பான், நடக்க நடக்க இசை பிறக்கும். இடது தோள் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும். நடுவில் நின்று பிடரியைச் சொறிவான், கொடியில் துணி போடுகிற மாதிரி இரண்டு கையையும் உயர்த்துவான், கண்ணாடி மாதிரி வழுக்குகிற பனியில் ஒடீலின் அம்மா நடக்கிற நடையைக் கிண்டலாக நடந்து காட்டுவான். பதினோரு நிமிஷம். கடைசியில் இந்தப் பக்கம் திரும்பிக் கையை விரிப்பான். ‘போதுமாடி?’ என்று அர்த்தம்.

யாராவது உள்ளே வந்துவிட்டால் புள்ளிகள் அவர்களோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். அவர்கள் கை தூக்கினால் ஃப்ளோரன் எப்படிப் பதில் சொல்லியிருப்பானோ அப்படிச் சொல்லும். வெளிச்சமும் ஓசையும் சேர்ந்து ஏறும், இறங்கும். ஊரே வரிசை கட்டி நின்றது. பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளினார்கள்.

இந்த இடத்துக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை. இருபத்தைந்து வயதில் மாண்ட்ரியாலின் சேன்-ஆன்றிப் பகுதியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பாழடைந்த கிடங்கில் ஆரம்பித்த வேலை. தலையில் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு இயந்திரங்களுக்குப் பின்னால் ஃப்ளோரன் பிரீஸ்புவா நிற்பான். அவள் ஓட்டை ப்ரொஜெக்டரை வைத்துச் சுவரில் வெளிச்சம் எறிவாள். பாட்டு அவன், படம் அவள். காது அவனுடையது, கண் அவளுடையது. ஒருத்தர் வேலையில் ஒருத்தர் தலையிட்டதே இல்லை. அப்புறம் ஆடுகிற உடம்பைப் பார்த்து அதற்கேற்ப வெளிச்சத்தையும் ஓசையையும் மாற்றும் கேமராக்கள் வந்தன. அந்த வித்தையை இவர்கள் இரண்டு பேருக்கு முன்னால் பிடித்தவர்கள் குறைவு. பெர்லினில் கூப்பிட்டார்கள், ஓசாகாவில் கூப்பிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று? கையை ஆட்டினால் பூ விழுகிற சுவர் செருப்புக் கடை வாசலில்கூட வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. அவள் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனாள். அவன் பற்பசை விளம்பரத்துக்கு ஓசை போட்டான். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வாயைக் கழுவுவான்.

அந்தப் பதினோரு நிமிஷம் ஒன்றும் கலைக்காகப் பதிந்ததில்லை. இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கேமராவுக்கு முன்னாலும் ஆள் நிற்க வேண்டும், கணினிக்கு முன்னாலும் ஆள் உட்கார வேண்டும். அதனால் யாரையாவது ஒருமுறை நடக்க விட்டுப் பதிந்து வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் அதை ஓட விட்டே சோதனை பார்ப்பார்கள். அதற்குப் ‘பொம்மை’ என்று பேர். ஒரு பிப்ரவரி மாதம், வெளியே இருந்து காபி வாங்கிக்கொண்டு ஃப்ளோரன் உள்ளே வருகிற நேரமாகப் பார்த்து ஒடீல் பதிவை முடுக்கிவிட்டாள். அதனால்தான் அந்தப் பனி உதறல். அன்றிலிருந்து அவர்கள் செய்த எல்லா வேலைக்கும் அவன்தான் பொம்மை.

பதிவுகளை நகல் எடுப்பது ஃப்ளோரனின் வேலை. ஒவ்வொரு காட்சி நாளும் காலையில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். சாவிக்கொத்து எடுத்தாயா என்று வீட்டில் கேட்பார்களே, அந்த மாதிரி அவள் கேட்பாள்.

“நகல்?”

“கழுத்துல.”

இருபது வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை பேசியிருப்பார்களோ தெரியாது. நுரையீரலில் புற்று என்று தெரிந்த பிறகும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், அது அவன் கழுத்தில்தான் கிடந்தது.

அவன் செத்து ஒன்றரை வருஷம் கழித்து இசபோ டுகே வந்தாள். அருங்காட்சியகத்தில் எதைக் காட்டலாம், எதை வாங்கலாம் என்று தீர்மானிக்கிறவள். நல்லவள்தான். ஆனால் தான் பேசுவதைத் தானே ரசிக்கிற ரகம். ஒடீலின் வீட்டுச் சுவரில் பொம்மை நடப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதை நாங்க நிரந்தரச் சேகரிப்புல எடுத்துக்கறோம், ஒடீல். நீங்க போன பிறகும் நான் போன பிறகும் இவரு நடந்துட்டே இருப்பாரு. ஆனா குழுவுல ஒண்ணு கேப்பாங்க. இப்ப எல்லாமே கத்துக்கணும். வர்றவங்ககிட்ட இருந்து அறை ஏதாவது கத்துக்குமா?”

“கத்துக்கும். அதுக்கு ஃப்ளோரன் எப்பவோ பொத்தான் எழுதி வெச்சிருக்கான்.”

மற்றதெல்லாம் ஒடீலின் மனசில் நிற்கவில்லை. ‘நடந்துட்டே இருப்பாரு’ என்ற அந்த ஒன்றுதான் நின்றது. ஃப்ளோரனுக்குப் போட்டோ என்றாலே ஆகாது; தலையைத் திருப்பிக்கொள்வான். மேடை வீடியோவில் எல்லாம் கறுப்பு முக்காடுதான் தெரியும். அவன் அசைந்ததற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தப் பதினோரு நிமிஷம். அதைப் பத்திரமாக ஒரு பெரிய கட்டடத்தின் கையில் கொடுத்துவிட்டால் தான் நிம்மதியாகச் சாகலாம் என்று நினைத்தாள். அவனுடைய பழைய கணினியைப் போர்வையில் சுற்றி, தானே மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் கொண்டு போனாள். அறை கற்றுக்கொள்வதற்கான அந்தப் பொத்தானை அழுத்தினாள். ஜனவரி நடுவில் அறை திறந்தது.

ஏழாவது வாரம் அவளுடைய நாத்தனார் வந்தாள். கிலேன் பிரீஸ்புவா, ஃப்ளோரனுக்கு நாலு வயது மூத்தவள். ஷிகுத்திமியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வாயும் பஸ் ஹார்ன் மாதிரிதான். ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, தூர்த்தியேர் என்கிற இறைச்சிப் பணியாரத்தைச் சுட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவ்வளவு இறைச்சியைத் தனி ஆளாக ஒடீல் ஒரு மாசம் தின்ன வேண்டும்.

“இன்னும் கறுப்புச் சட்டைதானா? உங்க கூட்டத்துக்கு வேற சாயமே கண்ணுல படாதா?” என்றாள் வந்ததும் வராததுமாக.

“நீ இன்னும் அதே தொப்பிதானே?”

“என் தொப்பி குளிருக்கு. உன் சட்டை எதுக்குன்னு உனக்கே தெரியாது. சரி, கூட்டிட்டுப் போ. என் தம்பிய எல்லாரும் பாத்தாச்சாம், நான்தான் பாக்கல.”

மறுநாள் காலை ஒன்பதே கால் மணிக்கு இரண்டு பேரும் மூலையில் உட்கார்ந்தார்கள். புள்ளிகள் வந்தன. தட்டின. ஒடீல் நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள். கிலேன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“இது யாரு?”

“யாருன்னா?”

“யாருன்னுதான் கேக்கறேன்.”

“ஃப்ளோரன். வேற யாரு?”

“விளையாடாத, ஒடீல். என் பஸ்ல தினமும் அம்பது பிள்ளைங்க ஏறி எறங்குதுங்க. முதுகைப் பாத்தே எது எவன்னு சொல்லிடுவேன். இவன் என் தம்பி இல்ல. தோள் எங்க போச்சு? எட்டு வயசுல கொட்டகை மேல இருந்து விழுந்து தோள் தூக்கிக்கிச்சு. அவனை மடியில போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ நான். இவனுக்கு ரெண்டு தோளும் தராசு மாதிரி நேரா இருக்கு.”

ஒடீலுக்கு எரிச்சல் வந்தது. வெளிச்சத்துக்குப் பழகாத கண், வெறும் புள்ளியில் என்னத்தைக் கண்டுவிடப் போகிறது என்று நினைத்தாள். “சரியா பாரு. இதோ, மூக்குக் கண்ணாடியத் தள்றான் பாரு.”

புள்ளிகள் நடுவில் நின்று வலது கையை முகத்துக்கு முன்னால் உயர்த்தியிருந்தன. கொஞ்ச நாளாகவே அந்த அசைவு அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இதுவரை கவனிக்காத ஏதோ ஒன்று கிடைத்ததாக அவள் சந்தோஷம்கூடப் பட்டிருந்தாள்.

“கண்ணாடியத் தள்ற எவனாவது கையை இப்படி முன்னால நீட்டுவானா?” கிலேன் தன் கையை நீட்டிக் காட்டினாள். கட்டை விரல் தானாக அசைந்தது. “போட்டோ எடுக்கறான்டி அவன்.”

சுவரில் இருந்த உருவம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, கையைக் கொஞ்சம் உயர்த்தி, இன்னொரு படம் எடுத்தது. போட்டோ என்றாலே தலையைத் திருப்பிக்கொள்கிறவன்.

அப்போதுதான் ஒடீலுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மூன்றாவது தட்டு ரொம்ப நாளாகவே லேசாகிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கிதான் சரியில்லை என்று இரண்டு தடவை ஸ்டீவைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். அவனும் கூட்டினான். இன்றைக்கு எத்தனை தட்டு விழுந்தது? இரண்டா, மூன்றா? காது அவனுடைய வேலை. அவள் எண்ணவே இல்லை.

அறைக்குப் பின்னால் இருந்த கணினிக் கூண்டில் ஸ்டீவ் பெல்ரேன் பேகல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். முப்பது வயது, கெட்டிக்காரன், ஒடீலின் பழைய மாணவன். அவள் முகத்தைப் பார்த்ததும் பேகலைக் கீழே வைத்தான்.

“பொம்மையோட பதிவு எப்ப எழுதினதுன்னு பாரு.”

அவன் பார்த்தான். “இன்னைக்குக் காலையில. அஞ்சு மணி நாலு நிமிஷம்.”

“அது கத்துக்கிட்டது. அதுக்கு அடியில இருக்கறதப் பாரு. பதினாலு வருஷத்துக்கு முந்தினது.”

“அடியில ஒண்ணும் இல்லையே, ஒடீல்.” அவன் திரையில் ஓடிய வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். “ஃப்ளோரன் எழுதினதுதான் இது. பகல்ல வந்தவங்க நடையை எல்லாம் விடிகாலையில கூட்டிச் சேர்த்து அதே பதிவு மேலயே எழுதுது. அந்தக் காலத்துல டிஸ்க்ல இடம் கம்மி இல்ல, அதான் போல. அவரு ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்துட்டுத்தானே பொத்தான அழுத்துவாரு?”

அவள் நினைத்தது வேறு. சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொள்கிற மாதிரி, கற்றுக்கொண்டது மேலே உட்காரும், ஃப்ளோரன் உள்ளே அப்படியே இருப்பான் என்று நினைத்தாள். அந்தப் பொத்தானைத் தொட அவன் அவளை ஒருநாளும் விட்டதில்லை. ஏன் என்று அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

“இதுவரைக்கும் எத்தனை பேர் வந்திருக்காங்க?”

“முப்பத்தெட்டாயிரம் சொச்சம்.”

“அவங்களக் கழிச்சுடு.”

ஸ்டீவ் பக்கத்தில் இருந்த காபிக் கோப்பையை அவளிடம் கொஞ்சம் நகர்த்தினான். அதில் பால் கலந்திருந்தது. அவளுக்குப் புரிந்தது.

“இங்க நகல் இருக்குமில்ல?”

“ஒரு வாரத்துதுதான் நிக்கும். அதுக்கு முந்தினது தன்னால அழிஞ்சிடும். உங்ககிட்ட ஒண்ணு இருக்கும்னு நினைச்சேன். எல்லாரும் வெச்சிருப்பாங்களே.”

“இருக்கு.”

“எங்க?”

“கழுத்துல,” என்றாள் ஒடீல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

கீழ்த்தளத்து உணவகத்தில் இரண்டு பேருக்கும் பட்டாணி சூப் வந்தது. ஒருத்தியும் தொடவில்லை. கிலேன் அரை மணி நேரம் வைது தீர்த்தாள். அவள் வாயிலிருந்து விழுந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. ஒத்தைத் தம்பி, அவனைக் கொண்டுபோய்ச் சந்தையில் கட்டிவைத்து வருகிறவன் போகிறவன் எல்லாரையும் தேய்த்துவிட்டுப் போகச் சொன்னாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்றாள். ஒடீல் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் கிலேனுக்கே மூச்சு வாங்கிற்று.

“ஒரு நகல்கூடவா எடுத்து வெக்கல? என் பஸ்ஸுக்கே நான் ரெண்டு சாவி வெச்சிருக்கேன்.”

“இருந்துச்சு, கிலேன். ஒண்ணு இருந்துச்சு.”

“எங்க?”

ஒடீல் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கிலேன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் பொய்யைப் பிடித்துப் பிடித்துப் பழகின கண். அது மெதுவாக ஒடீலின் கழுத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.

“அந்த நூல்ல தொங்கிச்சே,” என்றாள் கிலேன். குரல் இறங்கிவிட்டது. “கறுப்பா, சுண்டுவிரல் அளவு.”

“ம்.”

“ஆஸ்பத்திரிக்காரி அவன் சாமானை எல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தா. அதுல கெடந்துச்சு. அவன் எப்பவும் போட்டுட்டு இருந்ததாச்சேன்னு நான்தான் எடுத்து மறுபடி மாட்டி விட்டேன். பெட்டிய மூடறதுக்கு முன்னால.”

“ம்.”

“எரிக்கப் போறோம்னு தெரிஞ்சும் மாட்டினேன்.”

“உனக்கு அது என்னன்னு தெரியாது.”

“உனக்குத் தெரியும். நீ பக்கத்துல நின்னு பாத்துட்டுதானே இருந்த. ஏன்டி தடுக்கல?”

ஒடீல் சூப்பைப் பார்த்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. “அழகா இருந்துச்சு, கிலேன்,” என்றாள். “வெள்ளச் சட்டையில, நடு நெஞ்சுல, அந்தக் கறுப்பு. எடுக்க மனசு வரல. பதிவுதான் கணினியில இருக்கேன்னு விட்டுட்டேன்.”

கிலேன் அதன் பிறகு வையவில்லை. வைதுகொண்டே இருந்திருந்தால் தேவலை என்று ஒடீலுக்குத் தோன்றியது. கிலேன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அதன் பின்னலைக் கொஞ்ச நேரம் நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் இசபோ காகிதத்தோடு வந்து சேர்ந்தாள். குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டுவிட்டதாம். கையெழுத்துப் போட்டால் அறை அருங்காட்சியகத்துக்கு நிரந்தரம். சுவரில் மாட்டப் போகிற வாசகத்தையும் படித்துக் காட்டினாள்: ‘ஃப்ளோரன் பிரீஸ்புவா. ஒரு மனிதனின் நடை, ஒரு நகரத்தின் நடையாக வளர்ந்த கதை.’

“அதுல அவன் இல்ல, இசபோ,” என்றாள் ஒடீல். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

இசபோவின் முகம் ஒரு நொடி வாடிற்று. பிறகு அவளுடைய தொழில் அவளைக் காப்பாற்றிவிட்டது. “இல்லைன்னு ஏன் சொல்றீங்க? கரைஞ்சிருக்காரு. இந்த ஊருக்குள்ள கரைஞ்சிருக்காரு. இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேணும்? இப்பதான் இந்த வேலை முழுசாகுது.”

“நாய் கவ்விட்டுப் போன இறைச்சி நாயாத்தான் வளரும்,” என்றாள் கிலேன். “அதுக்கு இறைச்சியோட பேர வெப்பீங்களா?”

“இவங்க யாரு?” என்று இசபோ கேட்டாள்.

“அக்கா,” என்றாள் ஒடீல்.

இசபோ எழுந்து, காகிதத்தை விட்டுவிட்டு, சாயங்காலம் வரை யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் அறை கற்றுக்கொள்ள வேண்டாம் என்றால் அதற்கும் அவளுக்கு ஆட்சேபணை இல்லையாம். ஏழு வாரமே போதும் என்றாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

“போடாத,” என்றாள் கிலேன். “அது மேல அவன் பேர ஒட்டாத. நானும் நீயும் செத்துட்டா, அப்புறம் வர்றவன் எல்லாம் அதுதான் ஃப்ளோரன்னு நினைச்சுக்குவான்.”

“போடலைன்னா கணினிய அணைச்சு என் கையில குடுத்துடுவாங்க. அது ஓட இடம் வேணும், கேமரா வேணும், தரை வேணும். என் வீட்டுல எத்தனை நாள் ஓட்டுவேன்? அது பழசு. ஒருநாள் நின்னா நின்னதுதான்.”

“நிக்கட்டுமே.”

“உள்ள ஒரு துளி இருக்கு. முப்பத்தெட்டாயிரம் பேருக்கு நடுவுல அவனும் ஒருத்தன் இருக்கான் இல்ல? அது எதுன்னு தெரியல. ஆனா இருக்கான். அணைச்சா அந்த ஒருத்தனும் இல்ல.”

கிலேன் தலையை ஆட்டினாள். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போடி பைத்தியக்காரி என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒடீல் கையெழுத்துப் போட்டாள். பெயரை எழுதும்போது, தன் தொழிலில் இத்தனை வருஷம் காத்திருந்த கையெழுத்து இதுதான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. வாயில் ஒரு கசப்பு ஊறிற்று, விழுங்கிக்கொண்டாள். பிறகு மாடிக்குப் போய் ஸ்டீவிடம் பொத்தானை அணைக்கச் சொன்னாள். அவன் அணைத்துவிட்டு, இனி யார் எவ்வளவு நடந்தாலும் உள்ளே ஒன்றும் ஏறாது என்று சொன்னான்.

மறுநாள் கிலேனின் பஸ் பதினொரு மணிக்கு. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. தெருவைச் சுத்தம் செய்கிற வண்டிகள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. முழங்கால் பனியில் நடந்து இரண்டு பேரும் வந்தார்கள். கிலேன் பெட்டியை வாசல் காவல்காரனிடம் விட்டுவிட்டு, இன்னொருமுறை பார்க்கிறேன் என்று தானாகத்தான் சொன்னாள்.

மூலையில் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று.

உருவம் இடது பக்கத்திலிருந்து நுழைந்தது. தோள் நேராக இருந்தது. நின்றது. பனியை உதறக் காலைத் தூக்கியது. ஒடீல் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதை வைத்துக் கேட்டாள்.

இடது. தரை அதிர்ந்தது. வலது. தரை அதிர்ந்தது.

அவ்வளவுதான். உருவம் நடந்து நடுவுக்குப் போயிற்று. இந்த ஊரில் குளிர்காலத்தில் எந்த வாசலிலும் யாரும் கால் உதறாமல் உள்ளே போவதில்லை. எல்லாரும் இரண்டு தடவைதான் உதறுவார்கள். முப்பத்தெட்டாயிரம் பேரும் அப்படித்தான் உதறியிருப்பார்கள். தட்டினது அந்த ஊர். கடலில் கரைத்த பெருங்காயத்தை இனிமேல் எங்கே போய் மோந்து பார்ப்பது?

“மூணாவது எங்க அம்மா வெச்ச சட்டம்,” என்றாள் கிலேன், சுவரைப் பார்த்தபடியே. “இடது காலை ஒழுங்கா உதற மாட்டான். மூணு சத்தம் கேக்கலைன்னா அம்மா கதவத் தெறக்காது. வெளியில நின்னு கத்துவான். அவனுக்காக நானும் மூணு தட்டுவேன்.”

சுவரில் உருவம் கையை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. கிலேன் எழுந்தாள். ஈர பூட்ஸோடு, கேமராக்கள் பார்க்கும் இடத்துக்கு நடந்து போனாள். அவளுக்கும் ஃப்ளோரனின் அந்த நடைதான். ஒடீல் இருபத்திரண்டு வருஷமாக அதைக் கவனித்ததே இல்லை. கிலேன் வாசலில் நிற்கிற மாதிரி நின்று, இடது காலைத் தட்டினாள், வலதைத் தட்டினாள், மறுபடி இடதைத் தட்டினாள். மூன்றும் முரசாக அறை முழுக்க எழுந்து, ஒடீலின் வயிற்றில் விழுந்தன. அவளை அறியாமல் அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

சுவரில் இருந்தவன் அக்காவின் பக்கம் திரும்பினான். கையை உயர்த்தி அவளையும் ஒரு படம் எடுத்தான்.

கிலேன் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாள். பின்னால் கூண்டில், ஸ்டீவ் முந்தின நாள் அணைத்த பொத்தான் அணைந்தே இருந்தது.